கொரகொரப்பாக அரைத்தால் குற்றமில்லை

அனுப்புநர்:
அரசு கொடுத்த மிக்சி ஒன்றின் பொறுப்பாளர்,
சேத்தூர், ராஜபாளையம் வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்,
பரிவேஷ் பவன், கிழக்கு அர்ஜுன் நகர், டெல்லி.

பொருள்: வீட்டுச் சாமான்களின் சத்த வரம்புப் பட்டியலில் மிக்சியின் பெயர் விடுபட்டிருப்பது, சேர்க்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: பக்கத்து வீட்டுச் சித்தப்பா எங்கள் வாசலில் நின்று வாய்மொழியாகச் சொன்னது, விடிகாலை 4.55 மணி.

ஐயா,

தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தி தெரியாது, இங்கிலீஷ் மில் கேட்டில் எழுதிப் போட்டிருக்கும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் என் மிக்சி பேசினால் டெல்லிக்காரருக்கும் புரியும். வழக்கே அதுதான்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் தெற்கே வந்தால் மேற்கே மலையைப் பார்த்தபடி எங்கள் ஊர். ஒரு காலத்தில் ஜமீன் ஊர். இப்போது மில் வேன்கள் விடியுமுன்னே வந்து ஆள் அள்ளிப்போகும் ஊர். நான் ஒரு நூல் மில்லில் சைடு பார்க்கிறேன். ஆறு மணிக்கு முதல் ஷிப்டு. வேன் 5.20-க்கெல்லாம் முக்குக்கு வந்துவிடும். நாலேகாலுக்கு எழுந்து, தண்ணீர், அடுப்பு, மகளுக்கு மதியச் சோறு, மாமியாருக்கு இட்லி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, 4.50-க்குச் சட்னிக்கு வந்து சேர்வேன். முந்தின ராத்திரியே அரைத்துவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. எங்கள் ஊர்ச் சித்திரையில் ராத்திரி அரைத்த தேங்காய்ச் சட்னி விடிவதற்குள் ஊசிப்போகும்.

எங்கள் அடுப்படிக்கும் சித்தப்பாவின் கட்டிலுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். சொந்தச் சித்தப்பா இல்லை. சுவரால் வந்த உறவு. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவர்கள் மனுவை வாங்கிக்கொண்டிருந்தவருக்கு இப்போதுதான் சொந்தமாக ஒரு மனு போட நேரம் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, விடியமுன்னே என் மண்டைக்குள்ள தேங்காயப் போட்டு அரைக்கிறியே, ஞாயமா? சட்டம்னு ஒண்ணு இருக்கு, தெரியும்ல?"

தெரியாது. அதனால் பிளஸ் ஒன் படிக்கும் மகளைத் தேடிப் படிக்கச் சொன்னேன்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று போட்டிருக்கிறதாம். இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றது. நீங்கள் இரவை முடித்துவைக்கும் ஆறு மணிக்கு நான் மில்லுக்குள் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருப்பேன். என் உலை கொதிப்பது, என் தாளிப்பு, என் சட்னி எல்லாமே உங்கள் கணக்கில் நடுராத்திரிச் சமாசாரம். விடிந்ததும் சமைக்கிறவர்களைப் பார்த்து எழுதிய விதி போலிருக்கிறது. விடிந்ததும் சமைக்கிற வீடும் ஊரில் இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

பகலில் வரம்பை 10 டெசிபல் தாண்டினால் புகார் கொடுக்கலாம். இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலே கொடுக்கலாம். யாரிடம்? ஆட்சியரிடம், அல்லது டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரியிடம். சின்ன ஜாருக்கு முன்னால் ஒரு டிஎஸ்பி வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். உட்காரச் சொல்லக்கூட எங்கள் அடுப்படியில் இடம் கிடையாது.

மகள் தேடிக்கொண்டே போனாள். கடைசியில்தான் நம் விஷயம் கிடைத்தது. 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளோடு ஓர் அட்டவணை இருக்கிறது. இன்ன சாமான் தயாராகும்போதே இவ்வளவுக்கு மேல் சத்தம் போடக் கூடாது, 1993 டிசம்பர் 31-க்குள் எல்லாம் வரம்புக்குள் வந்துவிட வேண்டும் என்று கெடு. ஒன்று முதல் ஒன்றரை டன் ஜன்னல் ஏசிக்கு 68. ஏர் கூலருக்கு 60. ஃப்ரிட்ஜுக்கு 46. வீட்டு டீசல் ஜெனரேட்டருக்கு 85 முதல் 90. அதே பந்தியில் அடுத்த இலையில் ரோடு ரோலர், கான்கிரீட் கலக்கும் எந்திரம், கிரேன்: 75.

"மிக்சி?" என்றேன்.

"இல்லம்மா."

"கிரைண்டர்?"

"அதுவும் இல்ல. ரோடு ரோலர் இருக்கு."

எங்கள் தெருவில் ரோடு ரோலர் வைத்துக் குடித்தனம் நடத்துகிற வீடு ஒன்றுகூட இல்லை ஐயா. 1993-இல் மிக்சி கண்டுபிடிக்கப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955-லேயே மாவரைக்கும் கிரைண்டரைச் செய்துவிட்டார். 1963-இல் சுமீத் மிக்சி வந்தது. நீங்கள் பட்டியல் எழுதும்போது தமிழ்நாட்டில் பாதி அடுப்படி கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். டெல்லிக்குக் கேட்கவில்லை. ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து எழுதினால் முதலில் காதில் விழுவது ஏசிதானே. அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டால் படிவம் 6 இருக்கிறது. மிக்சிக்கு எந்தப் படிவம்? பட்டியலில் இல்லாததால் என் மிக்சி நிரபராதியா, நாடற்றதா? இது தெரியாமல் நான் சித்தப்பாவிடம் எந்த முகத்தோடு பேசுவது?

சித்தப்பாவின் நிலைமையும் சொல்லும்படி இல்லை. அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் உங்கள் பட்டியலில் கௌரவமாக 46 டெசிபல் வாங்கியிருக்கிறது. இரவு வரம்போ 45. தயாரிக்கும் இடத்தில் அளப்பது வேறு, தெருவில் அளப்பது வேறு என்று மகள் விளக்கினாள். இருந்தாலும் காகிதத்தில் ஒரு டெசிபல் உதைக்கிறது. பத்து மணிக்கு மேல் அவர் ஃப்ரிட்ஜை அணைத்துவிட வேண்டுமோ என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் என்னை முதன்முதலாக மரியாதையாகப் பார்த்தார்.

இந்த மிக்சியை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய திட்டத்தில் மிக்சி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் சேர்த்து வந்தவை. அப்போதைய முதல்வர் அம்மாவின் படம் ஒட்டியிருந்தது. தேய்த்துத் தேய்த்து இப்போது பொட்டு மட்டும் மிச்சம். மிக்சி வந்த கையோடு கரண்ட் போனது தனிக்கதை. 2012-இல் சென்னையைத் தவிர எல்லா ஊரிலும் நாளில் பாதிக்கு மேல் இருட்டு. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் தெரு மொத்தமும் எழுந்து மாவாட்டும். அன்றைக்கு யாரும் யார் மேலும் புகார் சொல்லவில்லை. எல்லார் வீட்டுச் சத்தமும் ஒரே நேரத்தில் வந்ததால் அதற்குக் கரண்ட் வந்த சந்தோஷம் என்று பெயர்.

மிக்சி ஏன் இப்படிக் கத்துகிறது என்று மில் ஃபிட்டரிடம் கேட்டேன். ஃப்ரிட்ஜில் இருப்பது அமைதியான ரக மோட்டார். மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் உரசி ஓடுகிற மோட்டார். சின்ன உடம்பு, நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுவரை போகும். அதில் கப்ளர் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பதினெட்டாயிரம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்க்கும் நூற்பு ஃப்ரேமில் கதிர்கள் சுற்றுவதும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். ஒரு ஃப்ரேமுக்கு ஆயிரத்துக்கு மேல் கதிர். அங்கே எட்டு மணி நேரம் நிற்கிறேன். தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்வரை என் காது தாங்க வேண்டும். அதே காதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் 45. மில்லில் நான் தொழிலாளி, வீட்டில் நான் மாசு.

மில்லில் காதில் வைக்கச் சொந்தமாக ஒன்றும் தேட வேண்டாம். பஞ்சாலையில் பஞ்சுக்கா பஞ்சம்? சித்தப்பாவுக்கும் ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தேன். கோபித்துக்கொண்டார்.

மகள் விடவில்லை. உங்கள் வரம்பு சராசரிக் கணக்காம். ஐந்து நிமிஷச் சத்தத்தை எட்டு மணி நேர இரவு முழுக்கப் பரப்பிப் பார்க்க வேண்டுமாம். கடலில் கரைத்த பெருங்காயம் மாதிரி. சித்தப்பா அனுமதியோடு அவர் பக்கத்துச் சுவரோரம் செல்போனை வைத்து அளந்தாள்: 65. லாகரிதம் போட்டாள். வேறு சத்தமே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிஷம் அரைத்தால் இரவுச் சராசரி 45.2. வரம்பை மீறுகிறோம். நாலு நிமிஷத்தில் நிறுத்தினால் 44.2. சட்டத்துக்கு உட்பட்டவர்கள்.

ஆகவே வாரியத்தார் தெளிவுபடுத்த வேண்டியது: சட்னியைக் கொரகொரப்பாக அரைத்தால் நான் நல்ல குடிமகள், நைஸாக அரைத்தால் குற்றவாளி, இதுதானே நிலை? மாமியாருக்குப் பல் இல்லை. கொரகொரப்பு ஆகாது. அவருக்கு ஒரு விதிவிலக்கு கிடைக்குமா? அளக்கும்போது ஜாரில் என்ன போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வெறும் ஜார் ஒரு விதமாய் ஓலமிடும், தேங்காய் முனகும், மிளகாய் வற்றல் கிழிக்கும். ஏசிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்குள் யாரும் பொட்டுக்கடலை போடுவதில்லை.

இதற்கு நடுவே சித்தப்பா ஒரு சமாதானத் திட்டம் கொண்டுவந்தார். அம்மியில் அரைக்கலாமாம். "எங்க ஆத்தா அம்மியிலதான் அரைச்சா. ஒருத்தரும் ஒரு சொல்லு சொன்னதில்ல."

எப்படிச் சொல்வார்கள்? அந்த அம்மா மூன்றரைக்கு எழுந்து அரைத்திருப்பார். இவர் போர்வைக்குள் இருந்திருப்பார். அம்மிக் காலத்தில் அந்தப் பாடு தோளில் இருந்தது. மிக்சி வந்து அதைத் தோளிலிருந்து இறக்கிக் காதில் வைத்தது. தோள் அவருடையது, காது இவருடையது. அதனால்தான் இப்போது மனு. இதை நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், தூரத்தில் இருக்கிறீர்கள்.

காது என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மன் கோயில் பொங்கலுக்குக் குழாய் ரேடியோ கட்டினால் சித்தப்பாவுக்கு அது காதிலேயே விழாது. வசூல் நோட்டு அவர் கையில். வருஷத்துக்குப் பதினைந்து நாள்வரை நடுராத்திரி பன்னிரண்டு மணிவரை ஒலிபெருக்கிக்கு அரசு தளர்வு கொடுக்கலாம் என்று உங்கள் விதியிலேயே இடம் இருக்கிறது. சாமிக்குப் பதினைந்து நாள் உண்டு, சட்னிக்கு ஐந்து நிமிஷம் கிடையாது. இதே விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் செய்கிற வெடிக்கு, நாலு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபல்வரை சட்டம் போட்டிருக்கிறீர்கள். தீபாவளிக்கு எங்களுக்குக் கிடைக்கிற நேரம் காலை ஆறிலிருந்து ஏழு, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு. மிக்சிக்கும் அப்படி ஒரு நேரம் ஒதுக்கினால் தெரு முழுக்கச் சேர்ந்து அரைக்கத் தயார். கொண்டாட்டமாகத்தான் இருக்கும்.

வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிட்டர் அண்ணன்தான் தீர்த்துவைத்தார். "சத்தம் மிக்சியில இல்லம்மா, பலகையில இருக்கு" என்றார். மிக்சி இருந்த சிமெண்ட் பலகை நடுச்சுவருக்குள் பதித்தது. மோட்டார் அதிர, பலகை அதிர, சுவரே சித்தப்பாவின் தலைமாட்டில் பறையடித்திருக்கிறது. மில்லில் எந்திரத்துக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டையில் கழித்த துண்டு ஒன்றைக் கொடுத்தார். மிக்சியை எதிர்ப் பக்கத்து மேசைக்கு மாற்றி, அடியில் ரப்பர், அதற்கடியில் மடித்த சாக்கு. கப்ளரையும் மாற்றினேன். மறுநாள் மகள் அளந்தாள், 50-ஐத் தொடவில்லை. ஐந்து நிமிஷமும் அரைக்கலாம், ஆறு நிமிஷமும் அரைக்கலாம்.

சித்தப்பா நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினார். ஐந்தாம் நாள் மறுபடி வாசலில் நின்றார். ராத்திரி முழுக்க ஏதோ உறுமுகிறதாம், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையாம். மகள் செல்போனை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ். இத்தனை வருஷம் கேட்காதது இப்போது கேட்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார்.

இருந்தாலும் பட்டியல் விஷயத்தை நான் விடுவதாக இல்லை. ரப்பர் துண்டு கொடுக்கிற ஃபிட்டர் எல்லாத் தெருவிலும் கிடைக்க மாட்டார். கம்பெனிக்காரர்களே நாலு காலுக்கும் நல்ல ரப்பராகப் போட்டு அனுப்ப வேண்டுமென்றால், முதலில் மிக்சி என்று ஒரு சாமான் இந்த நாட்டில் இருப்பதாக நீங்கள் எழுத வேண்டும். ரோடு ரோலருக்கு மேலே ஒரு வரி இடம் விட்டால் போதும். கிரைண்டருக்கும் பக்கத்திலேயே...

முக்கில் வேன் வந்துவிட்டது. ஹாரன் அடிக்கிறான். குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் ஹாரன் கூடாது, விதி 5ஏ என்று மகள் படுத்துக்கொண்டே சொல்கிறாள். அதற்குத் தனி மனு, சாயங்காலம் வந்து எழுதுகிறேன். சட்னி அடுப்புத் திண்டில் மூடி வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
மேற்படி மிக்சியின் பொறுப்பாளர்.