மீட்டிங் முடிந்ததா, சார்?

காலை 10 மணிக்கு மீட்டிங், 11-க்கு அந்த மீட்டிங்கைப் பற்றி ரிவியூ. வேலையை எப்போதுதான் பார்ப்பது?
– வாசகர், சோழிங்கநல்லூர்

அதை முடிவு செய்யத்தானே 3 மணிக்கு மீட்டிங்? உங்களுக்கு இன்வைட் வரவில்லையா?

வேலை குறைந்தால் ஆபீசில் ஆளும் குறையும்தானே?
– வாசகர், திருச்சி

1914-ல் பிரிட்டிஷ் கடற்படையில் பணியில் இருந்த பெரிய போர்க்கப்பல்கள் 62. 1928-ல் 20. அதே காலத்தில் தலைமையக அதிகாரிகள் 2,000-லிருந்து 3,569 ஆனார்கள். 1955-ல் இந்தக் கணக்கைப் போட்டு உடைத்தவர் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன். கப்பல் போனால் என்ன, ஃபைல் மிதந்ததே!

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. இந்தத் தக்காளிக் கடிகார முறை நம்மூருக்கு ஒத்துவருமா?
– வாசகி, கோவை

பாதி எப்போதோ வந்துவிட்டது. டீக்கடையில் பாருங்கள். இதைத் தொடங்கிய இத்தாலிக்காரர் சிரில்லோ, மாணவராக இருந்தபோது முதலில் தனக்குத்தானே பந்தயம் கட்டியது வெறும் 10 நிமிடப் படிப்புக்குத்தான். நீங்களும் 10-ல் ஆரம்பிக்கலாம், போன் அடுத்த அறையில் இருந்தால்.

ஆபீஸ் போய்க்கொண்டே நாவல் எழுத முடியுமா?
– வாசகர், மதுரை

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப் தபால் துறை அதிகாரியாக இருந்தவர். விடியற்காலை 5.30-க்கு மேஜைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, 15 நிமிடத்துக்கு 250 சொல் எழுதினார். மொத்தம் 47 நாவல். காபியோடு எழுப்பிவிட்ட வேலைக்காரருக்கு வருடம் 5 பவுண்ட் தனியாகக் கொடுத்தார். உங்கள் வீட்டில் அந்த வேலையைச் சும்மா செய்பவர் யார்?