பேக்கப் ஃபெயிலா? பதறாதீர்கள், திரும்பிப் படுங்கள்

காலை ஒன்பதரை மணி. டீ இன்னும் வரவில்லை. மெயிலைத் திறந்தால் சர்வர் புகார் எழுதி வைத்திருக்கிறது: ராத்திரி ஓடிய பேக்கப்பில் ஆறு பச்சை, மூன்று சிவப்பு. உடனே சர்வர் ரூமுக்கு ஓடுகிறவர்கள் தொழிலுக்குப் புதியவர்கள். அனுபவஸ்தர் அந்த மெயிலுக்கு ஒரு ரூல் போடுவார். தலைப்பில் 'பேக்கப்' என்று இருந்தால் இன்பாக்ஸில் நிற்காமல் நேராகத் தனி ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். ஃபோல்டருக்கு 'முக்கியம்' என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

கோவையில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் சர்வர் மேய்க்கிற வேலை எனக்கு. ஒரே இரும்புப் பெட்டிக்குள் கணக்கு, ஃபைல் சர்வர், கைரேகை வருகைப் பதிவு என்று ஒன்பது விர்ச்சுவல் மெஷின்கள் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. குடும்பத்தைக் கட்டி மேய்ப்பது வியன்னாவில் உருவான ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள். நல்ல பிள்ளை. சொன்ன வேலையைச் செய்யும், முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று வரி வரியாக எழுதியும் வைக்கும். அந்த வரிகளைப் படிக்காமலே பிரச்சினையைத் தீர்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லித்தரப் போகிறேன்.

முதலில் நேரம் குறிப்போம். பேக்கப்புக்கு நள்ளிரவு 12 மணியைத் தவிர வேறு முகூர்த்தம் பார்க்காதீர்கள். ஏனென்றால் ஆன்டிவைரஸ் ஸ்கேன் 12 மணிக்குத்தான் ஓடுகிறது. டேட்டாபேஸ் தன்னைத் தானே நகலெடுப்பதும் அப்போதுதான். பக்கத்து பில்டிங் சர்வரும் இதே ஸ்டோரேஜில் கொண்டுவந்து கொட்டுவது அதே 12 மணிக்கு. எல்லோரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டால், இரண்டு மணி நேர வேலை எட்டு மணி நேரம் இழுக்கும். முந்தைய பேக்கப் முடியவில்லை என்றால் அடுத்தது வாசலில் காத்திருக்கும். வழக்கமான அமைப்பில் 180 நிமிடம் வரை பொறுமை காட்டும், அதற்கு மேல் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடும். ஒரு வேலையை 12.40-க்கும் இன்னொன்றை 3.15-க்கும் தள்ளி வைத்தால் இது தீர்ந்துவிடும். ஆனால் திரையில் வரிசையாக 00:00 என்று நிற்கிற அழகு போய்விடுமே.

அடுத்து, லாக். இதில் தமிழ் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது. சர்வர் எழுதி வைக்கிற பதிவும் லாக், பேக்கப் நடக்கும்போது மெஷின்மேல் விழுகிற பூட்டும் லாக். ஒரு மழைநாள் காலை 104 என்ற எண்ணுள்ள மெஷின், அதாவது ஃபைல் சர்வர், சிவப்பு. வீட்டிலிருந்தே ஜூனியருக்கு போன் போட்டேன்.

"தம்பி, 104-க்கு லாக் என்னன்னு பாரு."

"பாத்துட்டனுங்ணா. லாக் இருந்துச்சு. எடுத்துட்டேன்."

பேக்கப் பாதியில் கரண்ட் போனாலோ சர்வர் செத்தாலோ அந்தப் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் திறக்க ஒரு வரிக் கட்டளை உண்டு. தம்பி கொடுத்தது அதைத்தான். உண்மையிலேயே உள்ளே எதுவும் ஓடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அது சரியான வைத்தியம். ஓடிக்கொண்டிருக்கும்போது கொடுத்தால், ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து, உள்ளே இருக்கிறவரை வீட்டுக்கு அழைத்துப்போகிற கதை. பூட்டைத் திறந்தோம், பூட்டு ஏன் விழுந்தது என்று பார்க்கவில்லை. மறுநாள் காலை 104 மறுபடியும் சிவப்பு. "லாக் எடுத்தியா?" என்று கேட்டேன். பதிவை அனுப்பி வைத்தான்.

காரணம் வேறொன்றுமில்லை, இடப் பற்றாக்குறை. 'கடைசி ஏழு நாளை மட்டும் வை' என்று சொல்லிவிட்டு, சரியாக ஏழு நாளுக்கு இடம் ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் எட்டாவது பேக்கப் முழுசாக வந்து சேர்ந்த பிறகுதான் முதலாவதை அது அழிக்கும். புதுக் குடித்தனம் சாமான் இறக்கின பிறகே பழையவரைக் காலி செய்யச் சொல்கிற நியாயமான வீட்டுக்காரர். ஆக, ஏழு வேண்டுமானால் எட்டுக்கு இடம் வேண்டும். இதற்கு என் கைவைத்தியம்: அவசரத்துக்குப் பழைய பேக்கப்புகளை எல்லாம் அழித்துவிட்டு, இன்றிரவு புதியது நல்லபடியாக வரும் என்று நம்புங்கள். இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரம் கையில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது துறவிகளுக்கு மட்டும் வாய்க்கிற மனநிலை.

விண்டோஸ் மெஷின்கள் தனி ரகம். எக்ஸ்ரே எடுப்பவர் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பாரே, அதைப் போல பேக்கப் எடுக்கும் முன் உள்ளே இருக்கும் ஒரு ஏஜென்ட் டேட்டாபேஸிடம் "எழுதுவதை நிறுத்து" என்று சொல்ல வேண்டும். விண்டோஸில் இதைக் கவனிக்கிற ஷேடோ காப்பி ஏற்பாடு, நகல் எடுக்கிற அந்தக் கணத்துக்குப் பத்து நொடிதான் தருகிறது. அதற்குள் முடியாவிட்டால் டேட்டாபேஸ் மூச்சை விட்டுவிடும், படம் கலங்கிவிடும். ஏஜென்டே உள்ளே ஓடவில்லை என்றால் இன்னும் விசேஷம். ப்ராக்ஸ்மாக்ஸ் ஓரமாக ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு, மூச்சு விடுகிறவரை அப்படியே படம் எடுத்துக்கொண்டு போய்விடும். பச்சை விழும். பச்சை விழுந்த பிறகு எச்சரிக்கையைப் படிக்கிறவன் மனிதனே இல்லை.

எல்லாமே கைவிட்டால் நெட்வொர்க்காரரைப் பிடியுங்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். எங்களுக்கு ஸ்விட்ச் கோணல். மேலிடத்தில் கேட்டால், "ரெய்டு ஓடுது சார், பயமே இல்லை" என்று சொல்லிவிடலாம். நான் இதை ஒருமுறை சத்தமாகச் சொன்னபோது கணக்குப் பிரிவு மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் பயந்தது வேறு ரெய்டுக்கு. ஆனாலும் அவர் பயந்ததில் தப்பே இல்லை. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதுகிற எங்கள் ரெய்டு, நீங்கள் தவறி அழிப்பதையும் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழித்துக் கொடுக்கும்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். ஒரு வருஷம் பேக்கப்புக்கு ஒரு யூ.எஸ்.பி. டிஸ்க் வைத்திருந்தோம். பூஜைக்காக சர்வர் ரூமைத் துடைத்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். மாலை நிற்கவில்லை என்று டிஸ்க்கை நகர்த்தியதில் ஒயர் கழன்றுவிட்டது. அன்றிரவு பேக்கப் பச்சை. மறுநாளும் பச்சை. ஆறு நாள் ஒரு சிவப்புகூட இல்லை. அம்பாள் அருள் என்று நானே சொன்னேன். ஏழாம் நாள் காலை, பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் சர்வர் என்னை உள்ளே விடவில்லை.

கறுப்புத் திரையில் போய்ப் பார்த்தால் சர்வரின் சொந்த டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருக்கிறது. 94 ஜி.பி. இடத்தில் ஒரு துளி பாக்கி இல்லை. சரி, எது தின்றது என்று ஒவ்வொரு ஃபோல்டராகக் கூட்டினேன். ஒன்பது ஜி.பி.தான் வருகிறது. திரும்பக் கூட்டினேன். ஒன்பதுதான். கூட்டுவதற்கு முன்பே டிஸ்க் கழன்றிருப்பதைக் கண்டு ஒயரைச் சொருகி மவுன்ட் செய்திருந்தேன், அதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். டிஸ்க் இல்லாதபோதும் அது வந்து உட்கார வேண்டிய ஃபோல்டர் மட்டும் சர்வரிலேயே இருந்தது. பேக்கப் ஒவ்வொரு இரவும் அந்தக் காலி ஃபோல்டருக்குள், அதாவது சர்வரின் வயிற்றுக்குள்ளேயே, தன்னைத் தானே நகலெடுத்துத் திணித்திருக்கிறது. நான் டிஸ்க்கைத் திரும்பச் சொருகியதும் அது வந்து ஃபோல்டர்மேல் பாய் விரித்த மாதிரி உட்கார்ந்து, அடியில் கிடந்த 85 ஜி.பி.யை மறைத்துவிட்டது. பாயைத் தூக்கிப் பார்க்கத் தோன்ற மதியம் இரண்டு மணி ஆயிற்று. ஸ்டோரேஜ் அமைப்பில், 'இங்கே டிஸ்க் வந்து உட்கார்ந்தால் மட்டுமே எழுது' என்று சொல்ல ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் முதல் இரவே சிவப்பு விழுந்திருக்கும். சிவப்புக்குப் பயந்து ஓடுகிறோம், கழுத்தை அறுப்பது என்னவோ பச்சைதான்.

பெரிய இடத்திலும் இதே கதைதான் என்பது ஓர் ஆறுதல். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர், துணை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் மிச்சம் நாலரைதான். பேக்கப்பைத் தேடினால், வைத்த இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவி 9.2, அதனால் நகலே எடுபடவில்லை. அதைச் சொல்ல சர்வர் மெயில் அனுப்பத்தான் செய்தது. அனுப்பியவர் யார் என்று உறுதிசெய்ய முடியாத மெயில் என்று அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் எழுதினார்கள், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். நம் ஊரில் அந்த நேரத்தில் முதலில் அணைவது அட்மினின் போன்.

ரெஸ்டோர் செய்து பார்க்கிற கெட்ட பழக்கம் மட்டும் வேண்டாம். ஆசையை அடக்கவே முடியாவிட்டால் வேறு எண் கொடுத்து எடுங்கள். 104-ஐ 904 என்று. நெட்வொர்க் கார்டைத் துண்டிக்காமல் கிளப்புங்கள். ஒரே ஐ.பி. முகவரியில் இரண்டு ஃபைல் சர்வர்கள் முளைக்கும், யார் எதில் சேமித்தார்கள் என்று திங்கட்கிழமை முழுக்க விசாரிக்கலாம்.

பூஜைக் கூத்துக்குப் பிறகு யூ.எஸ்.பி. டிஸ்க்கை மூட்டை கட்டிவிட்டுத் தனியாக ஒரு பேக்கப் சர்வர் வைத்தோம். திருடு போனாலும் யாரும் படிக்க முடியாதபடி என்கிரிப்ஷன் போட்டேன். அதன் சாவியைப் பேப்பரில் அச்சடித்து வைக்கவும் வசதி இருக்கிறது. அச்சடித்தேன், கவரில் போட்டேன், பீரோவில் வைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, பழைய உதிரிப் பெட்டி ஒன்றில் 104-ஐ ரெஸ்டோர் செய்து பார்க்க உட்கார்ந்தேன். சாவி கேட்டது.

"தம்பி, பீரோல ஒரு பிரவுன் கவர் இருக்கும், எடுத்துட்டு வா."

"அதுங்களாண்ணா? போன ஆயுத பூஜைக்குப் பழைய பேப்பரோட எடைக்குப் போட்டாச்சுங்ணா."

நல்லவேளை, சாவியின் இன்னொரு பிரதி ஓடிக்கொண்டிருக்கிற சர்வருக்குள்ளேயே இருந்தது. ஆகவே பேக்கப் முழுசாகப் பயன்பட வேண்டுமானால், அந்த சர்வர் எந்தக் காலத்திலும் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஜையன்று மாலையோடு யாராவது வந்தால் கதவைத் திறக்காதீர்கள்.