எட்டு வரி உபயம்

பெரிய மச்சான் திருமங்கலத்தில் மாடி வீடு கட்டியிருக்கிறார். சின்ன மச்சினன் இரண்டு ஏக்கரில் கொய்யா போட்டு, வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஆளுக்கொரு பை கொடுத்தனுப்புகிறான். இப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் எடுத்த நான் செய்திருக்கும் சாதனை இது: ஒரு திரையின் அடிப்பாகத்தில் முன்பு ஒரு கறை இருந்தது, இப்போது இல்லை. அந்த 'இல்லை' என்னுடையது.

இதை எப்படிக் காட்டுவது? கொய்யாவைக் கையில் கொடுக்கலாம். கறை இல்லாத திரையைக் காட்டினால், "திரைன்னா அப்படித்தானே இருக்கும்" என்கிறார்கள்.

கிராபிக்ஸ் டிரைவரில் கை வைத்தவன் தலையெழுத்தே இதுதான். விளையாட்டோ வரைபடமோ, எந்த மென்பொருளானாலும் 'இங்கே ஒரு முக்கோணம் வரை, அதன் மேல் இந்தப் படத்தை ஒட்டு' என்று பொதுவான ஒரு பாஷையில் சொல்லும். கிராபிக்ஸ் சிப்புக்கு அது புரியாது. ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு தனிப் பாஷை. நடுவில் நின்று எடுத்துச் சொல்வது டிரைவர். ஒழுங்காகச் சொன்னால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. சொதப்பினால் திட்டு விழும். அதுவும் விளையாட்டைச் செய்தவருக்கோ, டிவி விற்ற கடைக்காரருக்கோதான் போகும். வசவுகூட உரிய விலாசத்துக்கு வந்து சேராத தொழில்.

தொழில் என்றா சொன்னேன்? சம்பளம் வருவது வேறு இடத்திலிருந்து. பகலில் நான், காப்பீட்டுக் கணக்கு அறிக்கையில் எந்த நெடுவரிசை எதற்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று முடிவுசெய்யும் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகுதான் மேசா.

மேசா என்பது திறந்த மூல கிராபிக்ஸ் டிரைவர்களின் கூட்டுக் குடும்பம். லினக்ஸில் ஓடும் இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள், ராஸ்பெர்ரி பை, ஸ்டீம் டெக் என்று எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தொடங்கியவர் பிரையன் பால். 1993இல் விஸ்கான்சினில் வேலை பார்த்துக்கொண்டே, அப்படிப்பட்ட பொதுப் பாஷைகளில் ஒன்றான ஓப்பன்ஜிஎல்லை நாமே எழுதிப் பார்ப்போமே என்று ஓய்வு நேரத்தில் உட்கார்ந்தவர். 1995 பிப்ரவரியில் முதல் பதிப்பு வந்தது. இந்த வரலாற்றை வீட்டில் அடிக்கடி எடுத்துவிடுவேன். "அவரும் ஓய்வு நேரத்துலதான் ஆரம்பிச்சார், தெரியுமா?"

"அவர் வீட்ல சிங்க் குழாய் ஒழுகுச்சான்னு எதுலயாவது எழுதியிருக்கா?" என்றாள் மனைவி.

எழுதவில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் முக்கியமானதை எல்லாம் விட்டுவிடுகிறார்கள். இன்று மேசாவில் எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெரிய கம்பெனிகளில் அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் என்ற தகவலும் இருக்கிறது. அது எங்கள் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

அந்தக் கூட்டுக் குடும்பத்தில் எனக்கு வாய்த்தது லிமா. மாலி-400 என்ற சிப்புக்கான டிரைவர். நார்வேயில் டிராண்ட்ஹெய்ம் நகரத்தில் ஃபாலங்ஸ் என்ற சின்ன கம்பெனி தொடங்கிய வம்சம் மாலி. 2006இல் அந்தக் கம்பெனியை ஆர்ம் வாங்கிக்கொண்டது. 2011இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்2வில் இருந்தது இந்த 400தான். பிறகு மலிவான டிவி பெட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தது. இதற்கு வந்த டிரைவர் மூடிய சரக்கு, உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் பதிப்பு பதிப்பாகப் போய்க்கொண்டிருக்க, அந்தச் சரக்கு வாங்கின இடத்திலேயே நின்றுவிடும்.

லூக் வெர்ஹேகன் என்பவர் 2012இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபாஸ்டெம் மாநாட்டில் லிமாவை வெளியே கொண்டுவந்தார். அதற்கான வழி இது: மூடிய டிரைவர் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது, நினைவகத்தில் எதை எழுதி வைக்கிறது என்பதை இடையில் புகுந்து பதிவுசெய்வது. வரைகிற முக்கோணத்தின் நிறத்தை மட்டும் மாற்றி மறுபடி ஓடவிட்டு, எந்த எண் மாறியது என்று பார்ப்பது. மாறியது நிறத்துக்கான எண். அடுத்து அளவை மாற்றுவது. சிப்பின் முழுப் பாஷையையும் இப்படி எண் எண்ணாகக் கறந்தார்கள். நடுவில் வேலை தேங்கி, வேறு ஆட்கள் கையில் எடுத்து, 2019இல் லினக்ஸ் 5.2இலும் மேசா 19.1இலும் லிமா முறையாக இடம்பிடித்தது. அதற்குள் அந்தச் சிப்பு இருந்த போன்கள் பலவும் மேசை டிராயருக்குள் போய்விட்டன. காலம் போன சாமானுக்கு ராத்திரி கண்விழிப்பது என் சுபாவத்துக்கும் பாந்தமாகப் பொருந்தியது.

இனி கறைக்கு வருகிறேன். மாலி ஒரு படத்தை மொத்தமாக வரையாது. திரையை 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாக முடிக்கும். டைல் என்றே பெயர். 1920 பிக்சல் அகலத்தில் 120 டைல் கச்சிதமாக உட்காரும். உயரம் 1080. அதைப் பதினாறால் வகுத்தால் அறுபத்தேழரை. அந்த அரையில்தான் என் பேரும் புகழும் அடங்கியிருக்கிறது.

எங்கள் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிய கொத்தனார் இதே கணக்கை நின்ற நிலையில் போட்டார். "அரை டைலுன்னு கடையில தரமாட்டான் சார். முழுசா வாங்கி வெட்டித்தான் ஒட்டணும்." ஆக 68 வரிசை. ஆனால் டிரைவரில், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு சந்தில், வகுத்து வந்த அரையை உதறிவிட்டு 67 என்று எடுத்துக்கொண்டிருந்தது. கணினி முழு எண்ணை வகுத்தால் மீதியைத் தூக்கிப் போட்டுவிடும், யாரையும் கேட்காது. அதனால் கடைசி எட்டு வரி பிக்சலை வரைய ஆளில்லை. அந்த இடத்தில் முன்பு திறந்திருந்த ஏதோ ஜன்னலின் மிச்சம், ஊதாவும் பச்சையுமாகக் கலங்கிக் கிடந்தது. மருந்து மிக எளிது. வகுப்பதற்கு முன் 15ஐக் கூட்டிவிட்டால் 1095. அதைப் பதினாறால் வகுத்து மீதியைத் தூக்கிப் போட்டாலும் 68 நிற்கும். ஒரே ஒரு வரி மாற்றம்.

ஒரு வரியை மாற்றினேன், அதற்கு மூன்று பத்தி விளக்கம் எழுதினேன். மேசாவில் எதையும் நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. மற்றவர்கள் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கோளாறு எந்தப் பழைய மாற்றத்தால் வந்தது என்று தேடி அதன் எண்ணையும் குறிக்க வேண்டும். அதைத் தேடித்தரும் கிட் கட்டளைக்குப் பெயரே 'பிளேம்'. இந்த வசதி கணினி வருவதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் உண்டு, பதில் எப்போதும் என் பெயராகவே வரும். நள்ளிரவு தாண்டி ஐரோப்பாவிலிருந்து யாரோ எழுதினார்.

"ஏங்க, இந்நேரத்துல யாரு?"

"மாற்றத்தைப் பார்த்துட்டாங்க."

"என்னவாம்?"

"மாற்றம் சரியா இருக்காம். விளக்கம்தான் ரொம்ப நீளமாம்."

"பார்க்காமலே உங்களைப் புரிஞ்சு வச்சிருக்கார்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விளக்கத்தைச் சுருக்கினேன். அசல் போர்டுகளில் ஆயிரக்கணக்கான சோதனைகள் ஓடித் தேறின. கடைசியில் அதைச் சேர்த்தவர் மனிதரே அல்ல. மார்ஜ் என்ற பாட், அதாவது ஒரு தானியங்கிக் கணக்கு. கைகுலுக்கல், பொன்னாடை எதுவும் கிடையாது. ஆனால் புதுப் பதிப்பு வரும்போது மேசா ஒரு நல்ல காரியம் செய்கிறது. பங்களித்த அத்தனை பேரின் பெயரையும் அகரவரிசையில் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எத்தனை மாற்றம் என்று எண்ணிக்கையும் தருகிறது. சிலருக்கு நூற்றுக்குமேல். எனக்கு (1). என் உபயமும் கல்வெட்டில் ஏறிவிட்டது.

அம்மாவிடம் காட்டினேன். அம்மாவின் கவலை வேறு. எங்கள் வீட்டு மாலி-400 டிவி பெட்டியைப் பிடுங்கி நான் லினக்ஸ் போட்ட நாளிலிருந்து அவருடைய சீரியல் விட்டு விட்டு வருகிறது.

"அதைச் சரிபண்ணுப்பா முதல்ல."

"அது மாலி இல்லம்மா. வீடியோவைப் பிரிச்சுத் தர்றது சிப்புல வேற பகுதி. மாலி முக்கோணம் மட்டும்தான் வரையும்."

"இந்த வீட்ல முக்கோணம் யாரு கேட்டா?"

நியாயமான கேள்வி. பதிலுக்கு எங்கள் உலகத்தின் பழம்பெரும் காட்சியை ஓடவிட்டேன். பெரிதாகச் சிவப்பில் ஒரு பல்சக்கரம், பச்சையிலும் நீலத்திலும் சின்னதாக இரண்டு, மூன்றும் பல் கோத்துச் சுற்றும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை எத்தனை சட்டகம் வரைந்தோம் என்று கணக்கு விழும். அம்மா கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்.

"எப்பப்பா முடியும்?"

"முடியாதும்மா. சுத்திக்கிட்டே இருக்கும்."

"அப்ப சீரியல் மாதிரிதான். ஆனா அதுல ஆளுங்க வருவாங்க."

இல்லாததைக் காட்டிப் பெயர் வாங்க முடியாது என்று தெரிந்ததும், இருந்ததைக் காட்டும் ஏற்பாடு ஒன்று செய்தேன். மேசாவின் பழைய பதிப்பைத் தனியாக ஒரு மெமரி கார்டில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். யாராவது வந்தால் முதலில் அதைப் போட்டுக் கறையைக் காட்டுவேன், அப்புறம் புதுப் பதிப்பைப் போட்டு என் திறமையைக் காட்டுவேன். ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரியான பெரிய மாமனார் வந்தபோதும் அப்படியே செய்தேன்.

கறையைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "டிஸ்ப்ளே போயிருச்சு மாப்ளே! எப்ப வாங்கினது? வாரண்டி இருக்கா?" நான் கார்டை மாற்றிக்கொண்டிருந்தபோது டிவியின் முதுகில் பலமாக இரண்டு தட்டு தட்டினார். புதுப் பதிப்பு எழுந்தது. திரை சுத்தமாக இருந்தது. "பார்த்தீங்களா? ஒயர் லூசு" என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு என்ன தர்றாங்க மாப்ளே?" என்றார்.

"ஒண்ணும் தரமாட்டாங்க மாமா."

"போக்குவரத்துப் படி?"

"வீட்லேருந்துதானே மாமா செய்றேன்."

"கரண்ட் பில்லாவது அவங்க கட்டறாங்களா?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் திடீரென்று நின்றது. பேச்சை நான் கொய்யா விளைச்சல் பக்கம் திருப்பினேன். அந்த டிவியைத் தட்டிச் சரிசெய்தவர் என்று எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் பெரிய மாமனாருக்குத்தான் பெயர்.

அம்மா மட்டும் என்னைக் கைவிடவில்லை. மாடிக் குடித்தனத்தாரிடமெல்லாம், "என் மகன் ஸ்கிரீன்ல விழுற கறை, கோடெல்லாம் எடுப்பான், காசு வாங்கமாட்டான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடிக்காரர் போனோடு வந்து நின்றார். மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு.

"சார், நீங்க கோடு எடுப்பீங்களாமே?"

"இது பேனல்ல வர்ற கோளாறு சார். டிரைவர்ல எதுவும் செய்ய முடியாது."

"டிவில சீரியல் விட்டு விட்டு வர்றது?"

"அது வேற பகுதி."

"அப்ப எதுதான் சார் உங்க டிபார்ட்மென்ட்?"

நான் மூச்சை இழுத்து, பதினாறுக்குப் பதினாறு என்று ஆரம்பிப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது:

"எட்டு வரிங்க. அதுவும் அடியில மட்டும்."