தோல்வியும் கூட்டமும்: மொன்றியல் எக்ஸ்போஸின் 95 தோல்விகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கிரிக்கெட்டில் தோற்கப்போகிற அணியை மழை காப்பாற்றும். பேஸ்பாலில் அந்தச் சலுகை கிடையாது. மழை பெய்தால் இன்னொரு நாள் வந்து தோற்க வேண்டும். இப்படி 2004ஆம் ஆண்டில் 162 ஆட்டங்கள் ஆடி, 95இல் தோற்று, தன் பிரிவில் கடைசி இடம் பிடித்து, ஊரைவிட்டே போன அணி மொன்றியல் எக்ஸ்போஸ். தோற்றதால் கூட்டம் குறைந்தது, கூட்டம் குறைந்ததால் அணி போனது என்பது உலகோர் கொள்கை. இதைப் பரபக்கமாக வைத்து மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதல் சான்று 1969. அணி பிறந்த அந்த ஆண்டில் தோல்விகள் 110. அவற்றில் இருபது அடுத்தடுத்து வந்தவை. ஆடுகளமோ ஜாரி பூங்கா, இன்று நம்மவர் பலர் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனை ஒட்டியது. வலப்பக்க வேலிக்கு அப்பால் பொது நீச்சல்குளம். பிட்ஸ்பர்க்கின் வில்லி ஸ்டார்ஜெல் அடித்த பந்து அதற்குள்ளேயே போய் விழுந்தது. இந்த லட்சணத்துக்கு வந்தவர்கள் 12 லட்சம் பேர். 2004இலோ பதினைந்து தோல்வி குறைவு, வந்தவர்கள் ஏழரை லட்சம். ஆக, ஒரு தோல்வி குறைந்தால் முப்பதாயிரம் பேர் குறைகிறார்கள். கணக்கில் பிழையில்லை.

புது அணி என்ற மோகத்தில் வந்த கூட்டம் அது என்பார்கள். இருக்கட்டும். ஜெயித்தால் வாழலாம் என்பதாவது உண்மையா? 1994இல் எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வியுடன் எல்லா அணிகளுக்கும் முன்னால் நின்றது. ஆகஸ்ட் 12இல் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம். அந்த ஆண்டு இறுதிப் போட்டியே இல்லை. அடுத்த வசந்தத்தில் செலவைக் குறைக்க லாரி வாக்கர், மார்க்விஸ் கிரிசம் முதலானோரை நிர்வாகம் கைவிட்டது. ரசிகன் கலைவது தோல்வியால் அல்ல, அடுத்த வருஷம் என்பது இல்லாமல் போவதால் என்பதே நம் சுபக்கம். 2002 முதல் எக்ஸ்போஸின் உரிமையாளர்கள் யார்? எதிரே ஆடும் மற்ற 29 அணிகளும் சேர்ந்துதான்! 2003 ஆகஸ்ட் கடைசியில் அணி பிளே-ஆஃப் வாசலில் நின்றபோது, செப்டம்பரில் எல்லா அணிகளும் வழக்கமாக அழைத்துக்கொள்ளும் கூடுதல் ஆட்டக்காரர்களுக்குக்கூடக் காசு இல்லை என்றார்கள்.

அப்படியானால் 2004 செப்டம்பர் 29இல், வாஷிங்டனுக்குப் போவதாக அறிவித்த அன்று மாலையே, அணியின் பிந்தைய ஆடுகளமான ஒலிம்பிக் அரங்குக்கு 31 ஆயிரம் பேர் வந்தது ஏன் என்று கேட்கலாம். இழவுக்கு வந்தவர்களை விருந்தாளிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்றும் அணி 9-1 எனத் தோற்றது. களத்தில் நடந்த 95 தோல்விகளை ஆட்டக்காரர் பெயரில் எழுதலாம். ஊர் இழந்த அணியை அந்த 29 உரிமையாளர் பெயரில்தான் எழுத வேண்டும்.