கோதுமைக் காசில் ஒரு கோட்பாடு

முதலாளித்துவத்தின் குடலை உருவிப் பார்க்கவும் ஒரு முதலாளியின் காசுதான் வேண்டியிருந்தது. ஹெர்மன் வைல் அர்ஜென்டினாவில் தானிய வணிகம் செய்து கோடீஸ்வரரானவர்; மகன் ஃபெலிக்ஸோ மார்க்சியர். அப்பா கொடுத்த பணத்தில் 1923இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சமூக ஆய்வு நிறுவனம் பிறந்தது. ஊர் வம்பு எதற்கென்று மார்க்ஸின் பெயரைப் பலகையில் போடவில்லை. வறுமைக்குக் காரணம் தேடச் சொல்லிப் பணம் வைத்துவிட்டுப் போன கோதுமை வியாபாரியே அந்தக் காரணம் என்று நையாண்டி செய்தார் நாடகாசிரியர் பிரெக்ட்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மார்க்ஸ் வீட்டில் உலை கொதித்ததும் எங்கெல்ஸின் மான்செஸ்டர் ஆலைக் காசில்தான். பணம் வந்த வழி வாதத்தைப் பொய்யாக்காது. ஹிட்லர் வருமுன்பே வைலின் பணம் எல்லை தாண்டியிருந்ததால்தான் நிறுவனமும் பிழைத்தது. சிக்கல் வேறிடத்தில். 1929இல் நிறுவனத்தின் உளவியலாளர் எரிக் ஃபிராம் ஜெர்மன் தொழிலாளர்களுக்கு 271 கேள்விகள் கொண்ட படிவம் அனுப்பினார். இடதுசாரிகளுக்கு வாக்களித்த பலரிடமும் அதிகாரத்துக்குப் பணியும் மனமே தெரிந்தது. நாஜி ஆபத்தை முன்கூட்டியே காட்டிய அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது 1980இல். அதற்கிடையே 1969 ஜனவரியில் கிளர்ச்சி மாணவர்கள் நிறுவனத்துக்குள் புகுந்தபோது இயக்குநர் அடோர்னோ போலீசைக் கூப்பிட்டார். கோட்பாடு செயலுக்குக் கையேடு அல்ல என்பது அவர் கட்சி, நியாயமும் உண்டு. ஆனால் தொழிலாளிக்கு அரை நூற்றாண்டு தாமதித்த பதில், கட்டடத்துக்கு அன்றே கிடைத்துவிட்டது.