டீக்கடை ஜூரி

கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் காலை ஆறரைக்கே ஜூரி கூடிவிடும். "மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே, இவன்தான் பண்ணிருப்பான்!" பேப்பரை மடித்தபடி பெரியவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். பன் பட்டர் வருவதற்குள் வழக்கு முடிந்தது.

நிஜ ஜூரிகளும் ஒரு காலத்தில் இருந்தார்கள். 1945-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குக்கு ஒன்பது ஜூரிகள். ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். நடிகர்கள் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அப்பீல் தள்ளுபடி. கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனால், அவர்கள் வழக்கை மறுபடி சென்னைக்கே அனுப்பினார்கள். 1947 ஏப்ரலில் விடுதலை.

பாகவதர் கம்பி எண்ணிக்கொண்டிருந்தபோது பிராட்வே தியேட்டரில் அவர் நடித்த 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம். ஜனங்கள் காசு கொடுத்துக் கொடுத்து அவரை விடுவித்தார்கள் என்று நினைத்தால், வெளியே வந்து அவர் நடித்த படங்களுக்கு அந்தக் கூட்டம் வரவே இல்லை. அதற்கு எந்தக் கவுன்சிலில் மனு போடுவது?

"பெரியவரே, உங்க தீர்ப்புக்கு அப்பீல் உண்டா?" என்றேன்.

"இன்னொரு டீ சொல்லுங்க தம்பி, பரிசீலிப்போம்."