ஹோஸ்டா பாத்தியில் மேல்வாரம் யாருக்கு?

இங்கிலாந்தின் நிழல் தோட்டங்களில் ஹோஸ்டா என்னும் அழகுச்செடியை வளர்ப்பவர் தோட்டக்காரர். அதைக் கெடுக்க வருவது ஓடில்லா நத்தை. தோட்டக்கலை நூல்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் இந்தக் கதையில் கட்சிகள் இடம் மாறியிருக்கின்றன என்பதே இவ்வாய்வின் துணிபு. பட்டா யார் பெயரில் இருந்தால் என்ன, விளைச்சல் யார் வயிற்றுக்குப் போகிறது என்றல்லவா பார்க்க வேண்டும்? ஹோஸ்டாவை வளர்ப்பதே இலைக்காகத்தான். பூத்தண்டை அழகில்லை என்று வெட்டி எறிபவர்களும் உண்டு. அந்த இலையைத் தின்பது நத்தை. ஆகவே நத்தையே மிராசுதார். தோட்டக்காரர் குடிவாரம்கூடக் கிடைக்காத பண்ணையாள்.

பராமரிப்பு முறையைப் பார்த்தாலே இது விளங்கும். நிழல் வேண்டும், மண் ஈரம் காயக்கூடாது, மட்கிய இலை எரு போட வேண்டும், கோடையில் தண்ணீர் தவறக்கூடாது என்கிறார்கள். இவற்றில் எது நத்தைக்கு வேண்டாதது? வெயில் பட்டால் உடல் வற்றிப்போகும் அந்தப் பிராணிக்குப் பகலில் ஒளிய இருட்டும், இரவில் சளியை வழியவிட்டு ஊர ஈரமும் வேண்டும். அகன்ற இலைகள் கூரையாகின்றன. பசித்தால் கூரையையே தின்னலாம். வசந்தத்தில் ஹோஸ்டா முளை, இலைகளை இறுகச் சுருட்டிக்கொண்டு ஈட்டி முனையாக மேலே வரும். அந்தச் சுருளை நத்தை ஓரிடத்தில் கடித்தால் போதும். இலை விரியும்போது அந்த ஒரு கடி வரிசையாகப் பல ஓட்டைகளாகி, இலை உதிரும்வரை ஆறாமல் நிற்கும். கையெழுத்து இதைவிடத் தெளிவாக எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?

ஆயுதங்கள் இருக்கின்றனவே என்பார்கள். செப்புப் பட்டை, முட்டை ஓடு, சரளைக்கல் முதலியவற்றை ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018-ல் லெட்யூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுச் சோதித்தது. போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. மெட்டால்டிஹைடு நஞ்சை வெளித்தோட்டங்களில் பயன்படுத்த 2022-ல் தடை வந்தது. அதே ஆண்டு அந்தச் சங்கம், நத்தைகளை இனிப் பூச்சிபுழுக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. பட்டா மாறுதலுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்! 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' போன்ற தடித்த இலை ரகங்களை நத்தை அவ்வளவாகத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் தடித்த இலையும் முளையாக இருக்கையில் இளசுதான். மிராசுதார் பிஞ்சிலேயே வசூலித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு மறுப்புக்குத்தான் கனம் உண்டு. ஜப்பானில் ஹோஸ்டாவின் இளமுளையை 'உருய்' என்ற பெயரில் மனிதர்களே சாப்பிடுகிறார்கள். யாமகாட்டா பகுதியில் அதைக் காய்கறியாகவே பயிரிடுகிறார்கள். வேகவைத்து மிசோ தடவினால் ஒரு வேளைப் பதார்த்தம். இது நம் கொள்கையை உடைக்கவில்லை. தின்பவனே உடையவன் என்று இன்னும் உறுதிப்படுத்துகிறது. 1829-ல் ஜப்பானிலிருந்து வெளியேற்றப்பட்ட மருத்துவர் சீபோல்ட், ஹோஸ்டாக்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். செடி வந்தது, சமையல் வரவில்லை. காலியாக இருந்த பந்தியில் நத்தை உட்கார்ந்துவிட்டது. இனி உரிமையை மீட்க விரும்பும் ஆங்கிலேயர் செப்புப் பட்டைக்குச் செலவழிப்பதை விட்டு, முளை விரியுமுன் கத்தியோடு பாத்திக்குப் போய்த் தம் பங்கை அறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு நத்தைக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும். அதுவோ இரவெல்லாம் தூங்குவதில்லை.